ரஜூலாவுக்கு முந்திய தாத்தா

கல்யாண வீட்டில் இரண்டு மலேசியத் தமிழர்கள் சந்தித்தால், பந்தியில் இலை போடுவதற்குள் ஒருவர் கேட்டுவிடுவார்: "ஊர்ல உங்களுக்கு எந்தப் பக்கம்?" எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இதற்கு ஒரே பதில்தான், நாமக்கல் பக்கம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. சொல்வதற்கு எதுவும் தெரியாது என்பதே காரணம். தாத்தா கப்பலேறிய காலத்தில் நாமக்கல் என்றொரு மாவட்டமே இல்லை, அது 1997-இல்தான் உருவானது என்பதெல்லாம் நான் பிறகு அறிந்துகொண்டது.

சித்தப்பா மலாக்காவின் கிளேபாங் கடற்கரையில் ஃபேமிலி டே நடத்தப்போவதாக அறிவித்தார். டீசட்டை நிறம், சமையல்காரர், பிள்ளைகளுக்குப் பரிசு எல்லாம் முடிவாகிவிட்டது. பாக்கி ஒன்றுதான்: பேனரில் போட வம்சாவளி. குடும்பத்தில் ரிட்டையரான ஆள் நான். அதனால் தாத்தாவைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் அத்தையிடம் போனேன். தொண்ணூறை நெருங்குகிறார். யார் யாரைக் கட்டினார்கள், எந்தச் சீர் குறைந்தது, எந்தத் திருவிழாவில் யார் குடித்துவிட்டு அடித்துக்கொண்டார்கள், எல்லாம் விரல் நுனியில் இருக்கிறது. ஆண்டு மட்டும் வராது.

"தாத்தா லயம் மாறினது எப்போ அத்தை?"

"பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு அடுத்த தீவாளி."

மலாயாவில் 1926-இலும் பெரிய வெள்ளம், 1971-இலும் பெரிய வெள்ளம். இடையில் கிடந்த நாற்பத்தைந்து வருஷத்தை அத்தை வெற்றிலையோடு சேர்த்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தாத்தா ரஜூலாவில் வந்தார். இந்நாட்டுத் தமிழர் எல்லாருடைய தாத்தாவும் ரஜூலாவில்தான் வந்தார். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய அந்தக் கப்பல் கட்டப்பட்டது 1926-இல். பெரியப்பாவின் சூராட் பெரானாக்கைப் பார்த்தால் பிறந்த இடம் ஜாசின், ஆண்டு 1922. ஆக, கப்பல் கட்டுவதற்கு முன்பே தாத்தா அதில் வந்து இறங்கி, தலைச்சன் பிள்ளையையும் பெற்றுவிட்டார். இதை அத்தையிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்திருக்க மாட்டாரா? பெரிய படிப்பு படிச்சவன்!"

அத்தையைத் தோற்கடிக்கும் ஆவணம் எந்தக் காப்பகத்திலும் கிடையாது.

சரி, கப்பலில் வந்தவர் பெயர் பத்திரிகையில் இருக்குமே என்று சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய இதழ்களைப் புரட்டினேன். அறை எடுத்து வந்த பயணிகளுக்குப் பெயர் உண்டு, மனைவி உண்டு, சில சமயம் குழந்தைக்கும் ஆயாவுக்கும்கூட இடம் உண்டு. அறையில்லாமல் கப்பலின் மேல்தளத்தில் வந்தவர்களுக்கு எண்ணிக்கைதான். மலாக்கா கார்டியன் பத்திரிகையில் துரைமார் டென்னிஸில் யார் யாரை வீழ்த்தினார்கள் என்று படிக்கலாம். அந்தத் துரைமார் மாலையில் கூடிய மலாக்கா கிளப், 1912-இல் கட்டிய கட்டடம், இப்போது சுதந்திரப் பிரகடன நினைவகம். என் தாத்தா வாசலில்கூட நின்றிருக்க முடியாத இடம். நான் ஏர்கோனுக்காக உள்ளே போய் வெகுநேரம் நின்றேன்.

கோலாலம்பூரில் தேசியக் காப்பகமும் இருக்கிறது, 1957-இல் தொடங்கியது. பழைய எஸ்டேட் விவரங்களில் ரப்பர் மரத்துக்கு இருக்கும் மரியாதையைப் பார்த்தால் பொறாமை வரும். எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு நட்டது, எத்தனை ராத்தல் பால் கொடுத்தது. 1896-இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் வணிகத்துக்காக ரப்பர் நட்டார் என்பதை மலாக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அந்த மரங்களைச் சீவியவர்கள் 'தமிழர்: ஆண், பெண், சிறுவர்' என்று மூன்று கட்டங்களில் அடங்கிவிடுகிறார்கள். மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்காவது பதிவேடு உண்டு, பலருக்குப் புகைப்படமும் உண்டு. கங்காணி கூட்டிவந்த எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிளேபாங் கரையில் அருங்காட்சியகமாக நிற்கிற பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பலுக்குப் பெயர் உவேசான், சேவையில் சேர்ந்தது 1978 என்று முழு ஜாதகமும் இருக்கிறது. அதுவும் எங்களைப் போல வெளியூரிலிருந்து வந்ததுதான்.

தாத்தாவின் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, மட்டும் கையில் இருந்தது. 1948-இல் அவசரகாலம் வந்தபோது பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் பதிந்தார்கள். தாத்தாவுக்கு வயது தெரியாது, பதிந்தவருக்குப் பொறுமை கிடையாது. முகத்தைப் பார்த்து 1913 என்று போட்டுவிட்டார். பெரியப்பா 1922. தாத்தா ஒன்பது வயதில் தகப்பனாகியிருக்கிறார். பெயர் இன்னும் மோசம். முனியாண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயரைச் சொன்னால் சித்தப்பா கோபிப்பார். ஒரு தாளில் மூனியாண்டி, ஒன்றில் முனியண்டி, ஒன்றில் மினாண்டி. நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு தகப்பன்.

தாத்தாவின் தம்பி ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் போனவர். காஞ்சனபுரியில் நேசநாட்டுக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக இருக்கிறது. எஸ்டேட்டிலிருந்து பிடித்துப்போன தமிழனுக்கு அந்த வரிசையில் பெயர் பொறித்த கல் இல்லை. இதில் தமாஷ் எதுவும் இல்லை, மேலே போகிறேன்.

கடைசியில் சிக்கல் வந்தது தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதில். "கங்காணின்னு போடு" என்றார் சித்தப்பா. விசாரித்துப் பார்த்தால் எங்கள் குடும்பத்தில் கங்காணி, சம்பந்தி வீட்டில் கங்காணி, பக்கத்து வீட்டிலும் கங்காணி. அப்படியானால் மரம் சீவியது யார்? கங்காணி என்பவர் உரிமச் சீட்டோடு சொந்த ஊருக்குப் போய் ஆள் திரட்டி வருபவர். அவருடைய ஆட்கள் பெரட்டுக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு. தலைக்காசு வாங்க ஒருவர் என்றால், தலையைக் கொடுக்கப் பலர் வேண்டும். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை இந்தக் கணக்குதான் நடந்தது.

அத்தையின் டிரங்குப் பெட்டியில் எஸ்டேட் முத்திரையோடு ஒரு கடுதாசி கிடைத்தது. வேலை: வெளிக்காட்டு வேலை. சித்தப்பாவிடம் காட்டினேன்.

"அது வயசான காலத்துல. முந்தி கங்காணி" என்றார். பேனர் அவர் செலவு.

தாத்தாவின் படம் இல்லாததால் நடுவில் ரஜூலா படத்தைப் போட்டார்கள். அதன் கீழே 'முனியாண்டிக் கங்காணி'. அச்சடித்த பையன் தன் பங்குக்கு ஒரு காலை விட்டுவிட்டதில் அது முனியண்டிக் கங்காணி ஆகியிருந்தது. அத்தையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பேனருக்கு எதிரே உட்காரவைத்து, கையில் தேங்காய் ஷேக்கைக் கொடுத்துவிட்டு, படித்தும் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. இது யாருடா?"

"தாத்தா, அத்தை."

"உங்க தாத்தா பேரு அது இல்லையே. ஊர்ல வச்ச பேரு வேற. இது கங்காணி கிராணிகிட்ட சொல்லிவிட்ட பேரு."

சித்தப்பா இன்னும் தேங்காய் ஷேக் வேண்டுமா என்று யாரையும் கேட்காமலே வாங்கி வரப் போனார். சனிக்கிழமை கிளேபாங்கில் அந்த வரிசை எப்படியும் ஒரு மணி நேரம் பிடிக்கும்.