கரண்ட் கம்பியில் கொஞ்சம் இணையமும் சேர்த்து அனுப்பவும்

அனுப்புநர்:
பூண்டு விவசாயி ஒருவர்,
மன்னவனூர், கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.

பெறுநர்:
கிராமங்களுக்கு இணையம் கொடுக்கும் பொறுப்பில் உள்ள உயர்திரு அதிகாரி அவர்கள்.
(மின்சாரமா, தொலைத்தொடர்பா, ஊரக வளர்ச்சியா, தகவல் தொழில்நுட்பமா, வனத்துறையா, எந்த அலுவலகம் என்று விசாரித்துப் பார்த்தேன்; ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டினார்கள். ஆகவே இந்த மனு யார் மேசைக்கு வருகிறதோ அவர் ‘எமது துறை சார்ந்ததல்ல’ என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடக் கேட்டுக்கொள்கிறேன்.)

பொருள்: மின்கம்பி வழியே இணையம் – வேண்டுதல் – பிறகு வேண்டாமென முடிவுசெய்தல் – அதற்குப் பதிலாக வேறொன்று கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் வீட்டு வாசலில் நிற்கும் மின்கம்பம்.

ஐயா,

கொடைக்கானல் டவுனிலிருந்து மேற்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல், பூம்பாறை தாண்டி வந்தால் எங்கள் ஊர். ஏரியும் பரிசலும் இருப்பதால் தாங்களும் குடும்பத்தோடு வந்திருக்கக்கூடும். வந்திருந்தால், செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்வெளியைச் சுற்றியவர்களில் தாங்களும் ஒருவர். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர்க்காரர்கள் இந்த மலைக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டும். அதை இணையத்தில்தான் எடுக்க முடியும். அதாவது இணையம் இருக்கிறவர்களை மட்டும் பொறுக்கியெடுத்து, இணையம் திணறுகிற இடத்துக்கு அனுப்பி வைக்கிறீர்கள்.

அரசாங்கத்துக்கு எங்கள் ஊர் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1965-லேயே மத்திய அரசு இங்கே செம்மறியாட்டுக்கு ஆராய்ச்சி நிலையம் திறந்துவிட்டது. பிற்பாடு முயலும் சேர்ந்துகொண்டது. வரிசையில் அடுத்து மனிதர்கள்தான் என்று நம்பிக் காத்திருக்கிறோம். வானொலிக்கும் இந்த மலை தெரியும். கோடை பண்பலை 100.5 இங்கிருந்து பேசினால் தென் மாவட்டமெல்லாம் கேட்கிறது. மலை பேசுவது எல்லோருக்கும் கேட்கிறது. மலையில் இருக்கிறவன் பேசுவதற்குத்தான் சிக்னல் இல்லை.

சிக்னல் காத்திருக்கச் சொன்னாலும் சட்டதிட்டங்கள் காத்திருப்பதில்லை. நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி முதல் செல்போனில் படமெடுத்து ஏற்றினால்தான் வருகைப்பதிவு, அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை. களைவெட்டியைத் தூக்குவதைவிடப் போனைத் தூக்குவதில்தான் கை வலிக்கிறது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் நெடுநேரம் யோசிக்கிறது. எங்கள் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. டெல்லியில் இருக்கிறவர் அந்தப் பூண்டைப் போனில் தட்டி வாங்கிவிடலாம். அதைப் புகை போட்டுப் பாதுகாத்து வைத்திருக்கும் நான், வடுகபட்டிச் சந்தையில் இன்றைய விலை என்ன என்று தெரிந்துகொள்ள, மூட்டையை ஏற்றிவிட்டு லாரி மலையிறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இப்படி இருக்கையில்தான் வாசல் போஸ்டை ஒருநாள் நிதானமாகப் பார்த்தேன். சிமெண்ட் போஸ்ட். அடியில் பாசி. ஆள் உயரத்தில் மண்டையோடு போட்ட அபாயத் தகடு, அதை மறைத்தபடி ஒரு கட்சி ஸ்டிக்கர். ஸ்டே கம்பியில் யாரோ மாட்டைக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் வளையமாகச் சுருட்டி மாட்டிய கேபிள் டிவி ஒயர். உச்சியில் கரண்ட் கம்பி. 1957-ல் மின்வாரியம், 2010-ல் டான்ஜெட்கோ, 2024-ல் மின் பகிர்மானக் கழகம் என்று போர்டுகள் மாறினாலும் எங்களுக்கு அது இபிதான், போஸ்டும் அதே போஸ்ட்தான். எந்தச் செல்போன் கம்பெனியும் எட்டிப்பார்க்காத வளவுக்குள்கூட இந்தக் கம்பி நுழைந்திருக்கிறது. இதிலேயே இணையத்தையும் கலந்து அனுப்பினால் என்ன?

வயர்மேன் அண்ணனிடம் கேட்டேன். “ஒயர்ல கரண்டு வர்றதே பெரும்பாடு. இதுல நெட்டு வேற ஏத்தணுமாக்கும்?” என்றார். ஆனால் இது என் கற்பனை அல்ல. துணைமின் நிலையங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, உயரழுத்தக் கம்பியிலேயே குரலையும் தகவலையும் அனுப்பும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. துணைமின் நிலையத்தில் கம்பியோடு கம்பியாகத் தொங்கும் பெரிய சுருளைத் தாங்கள் பார்த்திருக்கலாம். பேச்சு வழிதவறிப் போகாமல் மறிப்பதற்காக வைத்தது அது. அப்படியானால் அதிகாரிகளின் பேச்சைச் சுமந்த கம்பி, பூண்டு விலையைச் சுமக்காதா?

சுமக்கும், ஆனால் கொஞ்சம்தான். மீட்டர் கணக்கு மாதிரி இரண்டு வரிச் செய்தியைக் கொண்டுபோகும். வீடியோ என்றால் வேறு கதை. கரண்ட் நொடிக்கு 50 சுற்றுதான் சுற்றுகிறது. இணையத்தை ஏற்றும் அலை இருபது லட்சத்திலிருந்து மூன்று கோடி சுற்று வரை போகிறது. இந்த வேகத்துக்காக அந்தக் கம்பி செய்யப்படவில்லை. முறுக்காமல், மூடாமல் வெட்டவெளியில் ஓடும் கம்பியில் அந்த அலையை விட்டால், கரை உடைந்த வாய்க்காலில் விட்ட தண்ணீர்தான். கடைமடைக்குப் போவதைவிடக் காற்றில் கசிவது அதிகம். கசிந்தது சும்மா இருக்காது, சிற்றலை வானொலியில் போய் இரையும். சில நூறு மீட்டருக்கு ஒரு பெட்டி வைத்து அலையைத் தூக்கிவிட வேண்டும். 11,000 வோல்ட்டை 400 சொச்சமாக இறக்கும் டிரான்ஸ்பார்மரை அது தாண்டுவது கடினம், அங்கே சுற்றுவழி போட இன்னொரு பெட்டி. அமெரிக்காவில் ஒரு டிரான்ஸ்பார்மருக்கு நாலைந்து வீடு என்பார்கள். நம் ஊரில் ஒன்றை நம்பித் தெருவே இருக்கிறது. ஒரு மிக்ஸி ஓடினால் அந்த இரைச்சலும் கம்பியில் சேரும். வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கரண்ட் ஒயரிலேயே இணையம் அனுப்பும் அடாப்டர் கடையில் கிடைக்கிறது, நன்றாகவும் வேலை செய்கிறது. என் வீட்டில் இருப்பது இரண்டு அறை. கூப்பிட்டாலே கேட்கும்.

பெரிய ஊர்க்காரர்களும் இந்த ஆசையில் மாட்டியிருக்கிறார்கள் என்பதுதான் ஆறுதல். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் நார்வெப் என்ற மின் நிறுவனமும் நார்டெல் என்ற தொலைத்தொடர்பு நிறுவனமும் சேர்ந்து, மின்கம்பியில் இணையம் வருகிறது என்று 1997-ல் உலகத்துக்கே அறிவித்தன. 1999-ல் கடையைக் கட்டின. தெருவிளக்குக் கம்பங்களே ஆண்டெனாவாக மாறி அலையைக் காற்றில் விட்டதாக அங்கே ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மனாசஸ் நகரம் 2005-ல் ஊர் முழுக்க மின்கம்பி இணையம் கொடுத்தது, பலரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அமெச்சூர் வானொலிக்காரர்கள் புகார்மேல் புகார் கொடுத்தார்கள், அவர்கள் சங்கம் நீதிமன்றம் வரை போனது. சந்தாதாரர்கள் குறைந்தார்கள், 2010-ல் நகரமே நிறுத்திவிட்டது. எங்களுக்கு ரொம்ப நெருக்கமான கதை அலபாமாவில் நடந்தது. கிராமத்து மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்களின் கம்பியில் இணையம் அனுப்ப, ஐ.பி.எம். துணையோடு ஐ.பி.இ.சி. என்ற சிறு நிறுவனம் 2008-ல் கிளம்பியது. 2011 ஏப்ரலில் சுழற்காற்று வந்து கம்பங்களைச் சாய்த்தது. 2012-ல் நிறுவனமும் சாய்ந்தது.

சுழற்காற்று என்றதும் எங்களுக்கு 2018 நவம்பர் 16 ஞாபகம் வருகிறது. வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, கடலையே பார்க்காத எங்கள் மலையையும் விட்டுவைக்கவில்லை. புயல்தான் வரவேண்டும் என்றில்லை. ஒரு வாட்டில் மரமோ யூகலிப்டஸோ சாய்ந்தால் போதும், கம்பி அறுந்து கரண்ட் போகும். கரண்ட் போனால் டவர் பேட்டரி கொஞ்ச நேரத்தில் மூச்சை விடும். டவர் போனால் கரண்ட் போனதைச் சொல்ல வழியில்லை. இதில் இணையத்தையும் அதே கம்பியில் கட்டிவிட்டால், மரம் ஒரே வெட்டில் எல்லாத் துறையின் வேலையையும் முடித்துவிடும்.

ஆகவே கம்பிக்குள் இணையம் வேண்டும் என்ற என் கோரிக்கையை நானே தள்ளுபடி செய்கிறேன். ஆனால் போஸ்டை விடமாட்டேன். மின்கம்பி செய்ய முடியாததை மின்கம்பம் செய்யும் என்று தங்களுக்கே முன்பே தெரிந்திருக்கிறது. 2011-ல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்று பெயர் வைத்து, இரண்டு ஆண்டில் எல்லா ஊராட்சியையும் இணைப்பதாகச் சொன்னீர்கள். 2015-ல் வேலை முடியவில்லை, பெயரை பாரத்நெட் என்று மாற்றி முடித்தீர்கள். தமிழ்நாட்டில் அதற்காக டான்ஃபிநெட் நிறுவனம் வந்தது. 2020-ல் டெண்டரில் தகராறு, மறுபடி விடச் சொல்லி மத்திய அரசு உத்தரவிட்டது. 2022 ஜூனில் கன்னியாகுமரி மாவட்டத்தில் முதலமைச்சர் வேலையைத் தொடங்கி வைத்தார். 12,525 ஊராட்சிகளுக்கும் ஒரு ஜிபிபிஎஸ் வேகம், ஒளியிழையின் பெரும்பகுதி மின்கம்பங்களில் தொங்கியபடி வரும் என்பது திட்டம். கண்ணாடி இழைக்குக் கரண்டும் தெரியாது, இரைச்சலும் தெரியாது. பக்கத்தில் எத்தனை வோல்ட் ஓடினாலும் அது பாட்டுக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோகும். இதைவிட நல்ல யோசனையை நான் சொல்லிவிட முடியாது. அதனால்தான் இவ்வளவு நேரம் கெட்ட யோசனையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் திட்டத்தில் சில ஓட்டைகள் தெரிகின்றன. ஒளியிழை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு பெட்டியோடு நின்றுவிடுகிறது. பெட்டி வந்தும் இணைப்பு வராத ஊராட்சிகள் நாட்டில் நிறைய உண்டு. பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். பூட்டிய அறைக்குள் இருந்தால் சாவி வேண்டும். சாவி வைத்திருப்பவர் திண்டுக்கல்லுக்கு மீட்டிங் போகாமல் இருக்க வேண்டும். எங்கள் ஊராட்சியோ ஒரே தெருவும் அல்ல. ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்கு நடுவே கேரட் தோட்டம், சோலைக்காடு, சில சமயம் குறுக்கே நின்று முறைக்கும் காட்டுமாடு.

எனவே தாங்கள் கருணைகூர்ந்து, பெட்டிக்கு ஒரு சோலார் தகடும் பேட்டரியும் போட்டுத் தரவும். பெட்டியிலிருந்து வீடுகளுக்கு இழுக்கும் ஒயரை, கேபிள் டிவிக்காரர் பத்து வருடம் முன்பே செய்து காட்டிய வழியிலேயே போஸ்டுக்குப் போஸ்ட் இழுக்க உள்ளூர்ப் பையன்களுக்கு அனுமதி கொடுக்கவும். போஸ்ட் இபியுடையது, இழை இன்னொருவருடையது, சாய்கிற மரம் வனத்துறையுடையது. பூம்பாறைக்கும் எங்களுக்கும் நடுவே ராத்திரி ஒரு மரம் விழுந்து மூன்றும் தரையில் கிடந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரே ஒரு பெயரைச் சொல்லவும். பெயர் மட்டும் போதும். போன் போட மேட்டுக்கு நாங்களே ஏறிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மன்னவனூர் பூண்டு விவசாயி.