தைரியத்தைச் சுவரில் ஒட்டுவது எப்படி?

வாழ்த்துகள்! மும்பையின் சீத்தா கேம்பில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குத் தைரியமும் அன்பும் கற்றுத்தரும் ஆலோசகர் வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பயப்படாதீர்கள். எனக்கும் ஒரு காலத்தில், வேறொரு பள்ளியில், அந்த வேலை கிடைத்தது. ஒரே வருஷத்தில், எந்தப் பிள்ளையும் யாருக்கும் தொந்தரவு தராத அளவுக்கு இரண்டையும் கற்றுக்கொடுத்து முடித்தேன். பாதி வேலையை நீங்கள் ஏற்கெனவே சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். மீதியைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் சார்ட்.

பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே சார்ட்டை ஒட்டிவிடுங்கள். மேலே சிங்கம், கீழே இதயம், நடுவில் பளபளக்கும் எழுத்து. ஊர்ப் பெயரில் சீத்தா இருக்கிறதே, சிறுத்தை வரையலாமா என்று ஏதாவது ஒரு வாண்டு கேட்கும். உட்காரச் சொல்லுங்கள். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டு மூன்று மொழிப் பள்ளிகள் இருப்பது இங்கே சாதாரணம். ஆகவே சார்ட்டை ஆங்கிலத்தில் எழுதுங்கள். தமிழ்ப் பிள்ளைக்கும் உருதுப் பிள்ளைக்கும் மராத்திப் பிள்ளைக்கும் ஒரே அளவுக்குப் புரியாது. பாரபட்சம் பார்த்தோம் என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

2. ஊர்க்கதையை எடுக்காதீர்கள்.

இதுதான் மிக முக்கியம். எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் என்ற இளைஞர் 1963இல் பம்பாய்க்கு வந்தார். தச்சு வேலை. குடியிருந்தது ட்ராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜனதா காலனி. அங்கே பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பாட்டும் படிப்புமாக ஏதோ நடத்திக்கொண்டிருந்தார். காலனியில் குப்பை குவிந்து கிடந்தது, மாநகராட்சி அள்ளவில்லை. நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்? ‘சுத்தம் சோறு போடும்’ என்று பிள்ளைகளை நூறு தடவை எழுத வைத்திருப்போம். இந்த மனிதர், ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைச் செய்தித்தாளில் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிக்னிக் கூட்டிப்போவது மாதிரி பிள்ளைகளை ஊர்வலமாக அழைத்துக்கொண்டுபோய், மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் அத்தனை பொட்டலத்தையும் போட வைத்தார். அதற்குப் பிறகுதான் குப்பையைப் பற்றி அதிகாரிகள் பேச வந்தார்கள்.

கவனித்தீர்களா? தைரியம் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை. பொட்டலம் கட்டத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தக் காலனியைப் பல வருஷ இழுபறிக்குப் பிறகு, நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது, 1976 மே மாதம் காலி செய்தார்கள். ஏறக்குறைய 70,000 பேர். மழைக்காலத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அவர்களைக் கொண்டுவந்து இறக்கிய சேற்று நிலத்தில்தான் இப்போது உங்கள் சார்ட் தொங்குகிறது. ஜோக்கினுக்கு 2000இல் மகசேசே விருது கிடைத்தது, 2011இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 அக்டோபரில் காலமானார். இதையெல்லாம் பொது அறிவுக் கேள்வியாக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மதிப்பெண். கதையாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் எதிரே உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கும் பையனுடைய பாட்டியே அன்றைக்கு ஒரு பொட்டலம் தூக்கியிருக்கக்கூடும். ‘வீட்ல ஆயாகிட்ட கேட்டுட்டு வா’ என்று ஒரே ஒரு நாள் வீட்டுப்பாடம் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் காலையில் அவன் உங்கள் பள்ளிக் குப்பைத் தொட்டியை ஒரு மாதிரி பார்ப்பான்.

எதற்கு வம்பு? ஜான்சி ராணி கதையைச் சொல்லுங்கள். குதிரை உண்டு, வாள் உண்டு, எதிரி லண்டனுக்குத் திரும்பிப் போயாகிவிட்டது.

3. தைரியத்துக்கு வரம்பு கட்டுங்கள்.

கூரை அதிர ‘வணக்கம் டீச்சர்’ சொல்வது தைரியம். ஊசி போடும்போது அழாமல் இருப்பது தைரியம். ஆண்டு விழாவில் மைக் முன்னால் மனப்பாடம் ஒப்பிப்பது தைரியம். போதும், நிறுத்துங்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “அவன் பென்சிலை எடுக்கல சார், நீங்க சும்மா அடிச்சீங்க” என்று சொன்னால், அதை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள். அதற்கென்று தனியாகச் சொற்கள் இருக்கின்றன. வாய், வாய்த்துடுக்கு, திமிர், கொழுப்பு, அதிகப்பிரசங்கித்தனம். இந்த ஒரு சரக்குக்கு மட்டும் தமிழில் பஞ்சமே வந்ததில்லை. அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஒன்றை எடுத்துப் பயன்படுத்துங்கள்.

பிள்ளைகளை அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது என்று 2009ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. சட்டம் தெரியாமலேயே சரியாகப் பேசுகிறாள் என்றால் திமிர் எவ்வளவு முற்றியிருக்கும், பாருங்கள்.

4. அன்புக்கு ஸ்டார் கொடுங்கள்.

தங்க நிற ஸ்டிக்கர். யாருக்காவது ரப்பர் கொடுத்தால் ஒரு ஸ்டார், தண்ணீர் கொடுத்தால் இரண்டு. பத்து சேர்ந்தால் ஸ்கெட்ச் பென். ஒரே வாரத்தில் வகுப்பில் அன்பு பெருக்கெடுத்து ஓடும். ரப்பர் தேவைப்படாதவனுக்கும் ரப்பர் திணிக்கப்படும். “டீச்சர் பார்க்கும்போது குடுறா” என்ற பேச்சு காதில் விழுந்தால், பாடம் நன்றாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

வார்னெகென், டொமசெல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2008இல் ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் ஒருவர் எதையாவது கீழே தவறவிடுவார். 20 மாதக் குழந்தைகள் தாமாகவே எடுத்துக் கொடுக்கும். சில குழந்தைகளுக்கு அதற்குப் பரிசு கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தால், வாங்கிப் பழகிய குழந்தைகள்தான் குறைவாக உதவின. ஆகவே நீங்கள் ஐந்து வயது வரை காத்திருந்ததே தாமதம். பால்வாடியிலேயே ஸ்டிக்கரைத் தொடங்கச் சொல்லிப் பரிந்துரை செய்யுங்கள்.

5. சண்டை வந்தால் கைகுலுக்க வையுங்கள்.

ஒருவன் இன்னொருவனுடைய டிபன் டப்பாவைத் தினமும் பிடுங்குகிறான். இன்றைக்குப் பறிகொடுத்தவன் அழுதுகொண்டே உங்களிடம் வருகிறான். இருவரையும் எதிரெதிரே நிறுத்துங்கள்.

“ஸாரி சொல்லு.”

“நான் என்ன மேடம் செஞ்சேன்?”

“ரெண்டு பேரும் சொல்லணும். கை குடு. கட்டிப் பிடி. சிரி.”

முடிந்தது. நேரம் ஒன்றரை நிமிஷம். இதில் பறிகொடுத்தவனுக்கு ஒரு பாடம் இருக்கிறது: இனிமேல் உங்களிடம் வரக்கூடாது.

வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகளைக் கண்டுகொள்ளவே வேண்டாம். டொரண்டோவில் பள்ளி மைதானங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த ஹாக்கின்ஸ், பெப்ளர், க்ரெய்க் மூவரும் 2001இல் வெளியிட்ட கணக்கு இது: சீண்டல்களில் 88 சதவீதம் மற்ற பிள்ளைகளின் கண்ணெதிரே நடந்தது, 19 சதவீதத்தில்தான் யாராவது குறுக்கே புகுந்தார்கள். அப்படிப் புகுந்தபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்து வினாடிக்குள் சீண்டல் நின்றது. அந்தப் பத்து வினாடிக்கு எங்கே நிற்பது, என்ன குரலில் “விடுறா அவனை” என்று சொல்வது, தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் யாரைச் சேர்த்துக்கொள்வது என்று வகுப்பில் நாடகம் போலப் பழக்கிவிடலாம்தான். பழகிவிட்டால் நாளைக்கு அதே குரல் ஸ்டாஃப் ரூம் வாசலிலும் கேட்கும். ஆகவே, “என்ன வேடிக்கை? கிளாஸுக்குப் போங்க!”

6. ரகசியத்தைத் தரம் பிரியுங்கள்.

பிள்ளைகள் காதோடு சொல்வது இரண்டு வகை. ‘அப்பா ராத்திரி குடிச்சுட்டு வந்தாரு’, ‘பாய் நனைஞ்சுடுது மேடம்’ போன்றவை முதல் வகை. இவற்றை டீ குடிக்கும்போது ஸ்டாஃப் ரூமில் பரிமாறலாம். மதியத்துக்குள் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இரண்டாவது வகையில் ஒரு பெரியவரின் கை வரும். அதை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். பள்ளியின் பெயர் என்னாவது? 2012ஆம் வருஷப் போக்சோ சட்டம், தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. அதைச் சார்ட்டில் எழுதிவிடாதீர்கள். நாலு இலக்கம்தானே, ஒன்றாம் வகுப்பே மனப்பாடம் செய்துவிடும்.

(இந்தப் படியை எழுதும்போது என் உற்சாகம் கொஞ்சம் இறங்கிவிட்டது. மன்னிக்கவும். டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.)

7. வம்பு செய்யும் பையனின் அம்மாவை வரச் சொல்லுங்கள்.

நாளை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் அவர் செம்பூரில் இரண்டாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வந்ததும் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார வையுங்கள். பிறகு உள்ளே கூப்பிட்டு, பையனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, “வீட்ல கொஞ்சம் அன்பா நடந்துக்குங்கம்மா” என்று சொல்லி அனுப்புங்கள். அரைநாள் கூலி போன அம்மா வீட்டுக்குப் போய் எப்படி நடந்துகொள்வார் என்பது அடுத்த வார ஆலோசனைக்கு ஆகும்.

8. வீரச் சிறுவன் கதை, வருஷத்துக்கு ஒன்று.

ஹரிஷ் சந்திர மெஹ்ரா பொருத்தமானவர். 1957 அக்டோபர் 2, டெல்லி ராம்லீலா மைதானம். நேரு உட்கார்ந்திருந்த ஷாமியானா தீப்பிடித்தது. 14 வயது சாரணர் மெஹ்ரா மேலே ஏறித் தன் கத்தியால் துணியை அறுத்துவிட்டார். பிள்ளைகளுக்கான தேசிய வீர விருது பிறந்ததே அந்தச் சம்பவத்திலிருந்துதான். கண் கலங்கச் சொல்லுங்கள். சொல்லி முடித்த கையோடு எல்லாப் பையையும் சோதித்து, காம்பஸ் இருந்தால்கூடப் பிடுங்கி வைத்துவிடுங்கள்.

9. போட்டோ.

எடுங்கள். இதய வடிவில் நிற்க வைத்து எடுங்கள். வெயிலில் மயங்கி விழும் பிள்ளையை ஓரத்தில் நிறுத்துங்கள், வெட்டிவிட வசதி.

10. கழிப்பறைப் பக்கம் போகாதீர்கள்.

உங்கள் பள்ளியில் எப்படியோ, நான் வேலை பார்த்த இடத்தில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. பெயிண்ட் புதிது, தாழ்ப்பாள் மட்டும் ஒருபோதும் வரவில்லை. ஒருத்தி உள்ளே போவாள். இன்னொருத்தி வெளியே கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு காலையும் அகல ஊன்றி நிற்பாள். பெரிய பையன்கள் வந்து தள்ளிப் பார்ப்பார்கள். ‘ஹட் ரே’ (தள்ளிப் போடா) என்பாள். திரும்பவும் தள்ளுவார்கள். நகர மாட்டாள். உள்ளே இருப்பவள் வந்ததும் இடம் மாறிக்கொள்வார்கள். யார் யாருக்குக் காவல் என்று அவர்களுக்குள் முறை உண்டு. தமிழ்ப் பள்ளிப் பெண்ணுக்கு உருதுப் பள்ளிப் பெண் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டாம் வகுப்புச் சின்னதுக்கு நாலாம் வகுப்புக்காரி நிற்பாள். ஸ்டிக்கர் எதுவும் கிடையாது.

போனால், தாழ்ப்பாள் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும். அதில் உங்கள் கையெழுத்து விழும், மேலிடத்துக்குப் போகும், யார் எழுதியது என்று விசாரிப்பார்கள். நான் எழுதவில்லை. நீங்களும் அந்தப் பக்கம் போகாதீர்கள். உங்கள் வகுப்பு இரண்டாம் மணிக்குத் தொடங்குகிறது. சிங்கத்தின் கீழே நின்று ‘நாங்கள் தைரியசாலிகள்’ என்று எல்லோரையும் மூன்று முறை சொல்ல வையுங்கள். இரண்டு பெண்கள் ஐந்து நிமிஷம் தாமதமாக, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உள்ளே வருவார்கள். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள், சொல்ல மாட்டார்கள்.

தாமதம் என்று பதிவேட்டில் போட்டுவிட்டு, இருவரையும் கதவுக்கு வெளியே நிற்க வையுங்கள். அதற்கு அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது.