எங்க தூரமா?

எங்கள் ஊரான காடாம்புலியூரில் யாரும் யாரையும் ‘எங்க போற?’ என்று கேட்கமாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது. அதனால் ‘எங்க தூரமா?’ என்பார்கள். கேள்வி அதேதான், காரியம் கெட்டால் பழி மட்டும் கேட்டவர் மேல் வராது. பத்து வயதிலிருந்து சைக்கிளில் இருந்தபடியே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவன் நான். ரேஷன் கடைக்கு. மாவு மில்லுக்கு. பண்ருட்டிக்கு, ஆயாவுக்கு மாத்திரை வாங்க. பதில் இல்லாமல் ஒருநாளும் மிதித்ததில்லை.

ஐம்பதைத் தாண்டி, நாற்பதாயிரம் ரூபாய்ச் சைக்கிளோடு ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையில்தான் முதல்முறையாகப் பதில் தெரியாமல் விழித்தேன். டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். என் தலையில் ஹெல்மெட், கையில் பாதி விரல் உறை, மணிக்கட்டில் நாடித்துடிப்பை எண்ணும் கடிகாரம். இத்தனை ஏற்பாட்டோடு கிளம்புகிறவன் குறைந்தது காசிக்காவது போக வேண்டும்.

“சும்மாதாங்க” என்றேன்.

“சும்மாவா?” ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், எனக்குக் கேட்கக்கூடாது என்ற நல்லெண்ணத்தோடு உரக்கவே சொன்னார்: “மெட்ராஸ்ல வேலை போயிடுச்சு போலருக்கு.”

1980களில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். கறுப்பு. என் நெஞ்சு உயரத்துக்கு பார். அது அப்பாவின் வண்டி என்பதைவிட, நெய்வேலியின் வண்டி என்பதே சரி. அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. 1957இல் நேரு வந்து தொடங்கிவைத்த சுரங்கம் அது. 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது, அடுத்த ஆண்டே மின்சாரம் வந்தது. மலை மலையாக மண்ணை அள்ளிப்போட ராட்சதச் சக்கர இயந்திரங்கள் இருந்தன. ஆனால் அங்கே வேலைக்குப் போக, எங்கள் சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கு இருந்தது ரெண்டு சக்கரமும் ஒரு தூக்கு பழைய சோறும்தான். ஊருக்கெல்லாம் வெளிச்சம் தருகிற கரியைத் தோண்டப் போன அப்பா, தன் வண்டியின் டைனமோ விளக்குக்குத் தானே மிதித்து மின்சாரம் எடுத்துக்கொண்டார். விளக்கில்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் அவர் தலைமுறைக்கு இருந்தது. அதற்கும் முன்னால் சைக்கிளுக்கு வரி கட்டி, வில்லை வாங்கி மாட்டிக்கொண்டார்களாம். சைக்கிளையும் ஒரு சொத்தாக மதித்த காலம்.

நான் சைக்கிள் கற்றுக்கொண்டது அப்பாவின் ஷிப்ட் அட்டவணைப்படி. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் அவர் பகலில் தூங்குவார். வண்டி திண்ணை ஓரம் சும்மா நிற்கும். ஸ்டாண்டைத் தட்டினால் எழுந்துவிடுவார் என்பதால், பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, சத்தமில்லாமல் ஸ்டாண்டை மடக்கும் வித்தையைத்தான் முதலில் கற்றேன். அப்புறம்தான் குரங்கு பெடல்: பாருக்குக் கீழே வலது காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகக் கோணி, அரைச் சுற்று மிதித்து அரைச் சுற்று திரும்பி வருவது. கால் எட்டியதும் பார். பிறகு ஒரு சுபதினத்தில் சீட். குரங்கு பெடல் என்ற பெயரிலேயே 2024இல் ஒரு படம் வந்தது. பார்த்துவிட்டு என் மகன் கேட்டான்: “ஏம்ப்பா, சின்ன சைக்கிள் ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதானே?” நியாயமான கேள்வி. சின்ன சைக்கிள் வாடகைக் கடையில் இருந்தது. மணிக்கு ஐம்பது பைசா. அந்த ஐம்பது பைசா எங்கே இருந்தது என்பதுதான் மொத்தக் கதையும்.

அந்தக் காலத்தில் ‘சும்மா ஒரு சுற்று’ என்பது எங்களிடம் கிடையாது. கேட்டால் உதைதான் கிடைக்கும். ஆகவே சுற்றலைக் காரியத்துக்குள் ஒளித்து வைத்தோம். பத்து நிமிஷ மாவு மில் வேலைக்கு ஒன்றரை மணி நேரம். மாசி, பங்குனியில் முந்திரித் தோப்பு வழியே போனால் செம்மண் பாதை முழுக்கப் பழம் கனிந்த வாசனை. இறங்காமலேயே கையை நீட்டிப் பறிக்கலாம். கரும்பு ஏற்றிக்கொண்டு நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிற டிராக்டர் வந்தால் பின்னால் தொற்றிக்கொள்ளலாம்: ஒரு கை ஹாண்டில்பாரில், ஒரு கை டிரெய்லரில், மூன்றாவது கை இருந்திருந்தால் கரும்பில். சித்திரை, வைகாசியில் பலா. கிழிந்த டியூபை நாடாவாக வெட்டி, பதினைந்து கிலோ பழத்தைக் கேரியரில் வைத்துக் கட்டுவது தனிக் கலை. காம்பு பக்கம் பார்த்துக் கட்டாவிட்டால் வளைவில் பழம் ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம். சரியாகக் கட்டிவிட்டால் முன்சக்கரம் லேசாகி, வண்டி கொஞ்சம் மிதக்கிற மாதிரி போகும். அந்த மிதப்புக்காகவே நான் பலாப்பழம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய சொந்தக்காரர்களை எண்ணிக்கையில் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அப்பா மெதுவாக மிதித்து நான் பார்த்தது வருஷத்தில் ஒரே நாள், தைப்பூசம். பாரில் நான், கேரியரில் அக்கா, வடலூருக்கு. 1872இல் வள்ளலார் தொடங்கிய ஜோதி தரிசனம். சத்திய ஞான சபையில் ஏழு திரையும் விலகும் வரை கூட்டத்தில் அவர் தோள்மேல் நான். திரும்பும்போது அவசரமே இருக்காது. மறுநாள் ஷிப்ட் போய்விட்டு வந்தபின் மறுபடி பழைய அப்பா. அவருக்குச் சைக்கிள் இன்பம் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். ஓய்வு பெற்ற வாரமே வண்டியைக் கொட்டகையில் சாத்தினார். ஏன் என்றதற்கு, முழங்காலைத் தடவியபடி “போதும்டா” என்றார். இதையும் சொல்லாமல் விட்டால் என் பலாப்பழ வாசனைக்கு அர்த்தமில்லை.

அதனால் எங்கள் வீட்டில் முன்னேற்றம் என்பதன் பொருள் சைக்கிளை விட்டு இறங்குவது. நானும் ஒழுங்காக முன்னேறினேன். மொபெட், ஸ்கூட்டர், கார். கடைசியாகச் சென்னையில், மாடியில் ஒரு ஜிம்மில், சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்த சைக்கிளில் மாதச் சந்தா கட்டி ஏறினேன். அது எங்கேயும் போகாது. ஆனால் அதைச் சுவரில் செருகினால்தான் வேலை செய்யும். நெய்வேலி மின்சாரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அப்பா வேலைக்குப் போக மிதித்தார். அந்த வேலையிலிருந்து வந்த மின்சாரத்தில் நான் எங்கும் போகாமல் மிதித்தேன்.

ரத்தத்தில் சர்க்கரை கூடியதும் டாக்டர் சொன்னார்: “நிஜ சைக்கிளே ஓட்டுங்களேன்.” கடைக்குப் போனேன். ஸ்டாண்ட் இருக்கா? இல்லை. கேரியர்? இல்லை. மட்கார்டு, செயின் கவர், பெல்? “வெயிட் கூடிடும் சார்” என்றான் பையன். ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற விலை ஏறியிருந்தது. இன்னும் நாலு சாமான் கழற்றியிருந்தால் என்னால் வாங்கியிருக்க முடியாது.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காற்று இறங்கியது. பழைய சைக்கிள் கடை மாமாவிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் பம்பை எடுத்து வந்து, குனிந்து, என் டயரில் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த வால்வைப் பார்த்தார். பம்பு வாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இது மாட்டுக்கு ஊசி போடுற மாதிரி இருக்குதே தம்பி.” மாட்டு வைத்தியத்துக்கும் சைக்கிளுக்கும் உறவு உண்டு மாமா என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. 1887-88இல், காற்றடைத்த டயரைத் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த டன்லப், பெல்ஃபாஸ்டில் மிருக வைத்தியர்தான். ஆனால் அந்தத் தகவலால் டயருக்குள் காற்று போகாது. மாமாவின் டப்பாவில் வால்டியூப் சுருள் சுருளாக இருந்தது. அந்தக் காலத்தில் ஒரு துண்டு வெட்டி மாட்டினால் உலகத்தில் எந்தச் சைக்கிளும் எழுந்து ஓடும். என்னுடையது மட்டும், பம்பு வாயோடு வால்வைப் பொருத்துகிற, கட்டைவிரல் நகம் அளவு பித்தளைத் துண்டு ஒன்று கூரியரில் வந்து சேரும்வரை நாலு நாள் திண்ணையில் படுத்திருந்தது. நின்றிருந்தது என்று சொல்ல முடியாது, ஸ்டாண்ட் இல்லையே.

அதற்கு மறுநாள் கிளம்பினேன். நான் பழகிய ரோடு அங்கே இல்லை. புளியமரங்கள் போய், நாலுவழிச் சாலைக்காக விரிந்த வெயில். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் தோப்புகளைப் படுக்க வைத்தது. அதற்குப் பின் நட்ட முந்திரிதான் இப்போது நிழல் தருகிறது. எதிர்காற்று. ஏழு கியரையும் மாற்றி மாற்றிப் போட்டுத் திணறிக்கொண்டிருந்தபோது பின்னால் மணிச் சத்தம். கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று என்னைத் தாண்டியது. கேரியரில் தூக்குச்சட்டி. அக்கா.

அக்காவின் சைக்கிளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பெயரோடு வந்த செய்தியைப் படித்துவிட்டு அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர், “அது புதுக்கோட்டைம்மா” என்றார். அதோடு முடிந்தது. அரசு இலவச சைக்கிள் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. அப்படி 2012இல் அவள் மகளுக்கு ஒன்று வந்தது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். சைக்கிள் ஊரில் தங்கியது. நாற்பது வயதுக்கு மேல், பள்ளிக்கூட மைதானத்தில், மகள் பிடித்துக்கொள்ள அக்கா ஓட்டக் கற்றாள். அன்றிலிருந்து தினமும் முந்திரி உடைக்கிற கொட்டகைக்கு அதில்தான்.

வேகத்தைக் குறைத்து என் பக்கத்தில் வந்தாள். “என்னடா, எங்க தூரமா?”

“சும்மாக்கா. உடம்புக்கு.”

“உடம்புக்கா?” ஓடு தொட்டுக் கறுத்த விரல்களால் மணியை ஒரு தட்டு தட்டினாள். “இத்தினி வருஷமா நான் கொட்டாய்க்குப் போறேன்னுல்ல நெனச்சிகிட்டு மிதிக்கிறேன்.”

இருவரும் முந்திரி நிழலில் நின்று கொஞ்ச நேரம் பேசினோம். என் கடிகாரம் பதறிப்போய் ‘பயிற்சி நின்றுவிட்டது’ என்று அறிவித்தது. அக்கா என் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். “பின்னாடி ஒண்ணுமே இல்லையேடா. ஒரு பழம் குடுத்தா எதுலடா வெச்சி எடுத்துட்டுப் போவ?”

அன்று சாயங்காலமே கடை மாமாவிடம் போய், முந்நூறு ரூபாய்க்கு ஒரு இரும்புக் கேரியர் மாட்டினேன். கடையில் பையன் பக்தியோடு குறைத்துத் தந்த எடை மொத்தமும் திரும்பி வந்தது.

மறுநாள் காலை அதே டீக்கடை, அதே பெஞ்ச், அதே பெரியவர்.

“எங்க தூரமா?”

“பண்ருட்டிக்குங்க. அக்கா பச்சை மொளகா வாங்கியாரச் சொல்லிச்சு.”

“பச்சை மொளகா நம்ம தெருவுலயே விக்குதே?”

“அங்க கொஞ்சம் நல்லாருக்குங்க” என்றேன். பத்து வயதுக்குப் பின் இவ்வளவு சுத்தமான பொய் சொன்னதில்லை.

பெரியவர் தலையாட்டினார். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, நாணயங்களை எண்ணி என் கையில் வைத்தார். “அப்ப எனக்கு ஒரு கவுளி வெத்தலை வாங்கியா.” பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், முன்போலவே ரகசியமாக, ரோடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “வேற வேலை கெடச்சிடுச்சு போலருக்கு.”