ஆளுக்கு ஓர் அறிவு உண்டா?

கேள்வி: மனதுக்குள் 'ஆக்கும் அறிவு', 'ஏற்கும் அறிவு' என்று இரண்டு இருப்பதாக இடைக்கால ஐரோப்பியர்கள் சண்டை போட்டார்களாமே! ஒருவருக்கு ஓர் அறிவு போதாதா?

பதில்: ஆளுக்கு ஒன்றாவது சொந்தமாக உண்டா என்பதுதானே அங்கே சண்டையே!

வினையை விதைத்தவர் அரிஸ்டாட்டில். 'ஆன்மாவைப் பற்றி' நூலில், எல்லாமாக ஆகக்கூடிய அறிவு (ஏற்கும் அறிவு) ஒன்று, எல்லாவற்றையும் ஆக்கும் அறிவு ஒன்று என்றார். இரண்டாவது வெளிச்சம் மாதிரியாம். இந்த ஆக்கும் அறிவுக்கு அவர் ஒதுக்கியது ஒரு குட்டி அத்தியாயம். வெளிச்சம் உள்ளே எரிகிறதா, வெளியிலிருந்து வருகிறதா? அதைச் சொல்லவில்லை. உரையாசிரியர்களுக்குப் பல நூற்றாண்டு வேலை கிடைத்தது.

வெளியிலிருந்துதான் என்றார் இஸ்லாமியத் தத்துவஞானி இப்னு சீனா. ஆக்கும் அறிவு விண்ணுலகில் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றே. அவருக்குப் பின் வந்த இப்னு ருஷ்து இன்னும் ஒரு படி மேலே போய், ஏற்கும் அறிவும் மனிதகுலம் முழுமைக்கும் ஒன்றே, அது நம் ஒவ்வொருவரின் மனப்படங்களைக் கொண்டு சிந்திக்கிறது என்றார். பாரிஸ் பல்கலைக்கழகத்தில் சீஜர் போன்ற ஆசிரியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். புனித பேதுருவுக்கும் எனக்கும் ஒரே அறிவு என்றால், அவர் கரையேறினால் நானும் கரையேறியாச்சு, பிராயச்சித்தம் எதற்கு என்று ஒரு போர்வீரர் கேட்டதாகக்கூட ஒரு கதை உண்டு. கெட்டிக்காரர்!

1270-இல் தாமஸ் அக்வினாஸ் இதற்கு மறுப்பு நூல் எழுதினார். அவர் வாதம் இது: என் மனப்படங்களைக் கொண்டு வேறெதுவோ சிந்தித்தால், நான் சிந்திக்கப்படும் பொருள்தானே, சிந்திப்பவன் எப்படி ஆவேன்? சுவரின் நிறத்தைக் கண் பார்க்கிறது. அதற்காகச் சுவர் பார்ப்பதாகச் சொல்வோமா? இரண்டு அறிவுமே ஒவ்வொரு மனிதருக்குள்ளும் உண்டு என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் பாரிஸ் ஆயர் 13 கருத்துகளைக் கண்டித்தார். பட்டியலில் முதலாவது, எல்லோருக்கும் அறிவு ஒன்றே என்பது.