மாப்ளைக்கு வெள்ளை லைட்டு வேணுமாம்

வா மாப்ள, உக்காரு. உன்ற அம்பாசிடருக்கு எல்.இ.டி. லைட்டு மாட்டப் போறயாமா? ஊரே பேசிக்குது. நல்ல காரியம், தாராளமா மாட்டு. ராத்திரி எதுக்கால வர்றவனுக்கு நீ வர்றது தெரியோணுமல்லோ. அவனுக்கு ரோடு தெரியாமப் போனா அது அவன் பாடு.

கடையில பார்த்தயாக்கும்? பெட்டியப் பிரிச்சுக் கரெண்டக் குடுத்ததும் கண்ணு கூசியிருக்கும். நாலு செவுத்துக்குள்ள எரியவுட்டா எந்த லைட்டும் நல்ல லைட்டுத்தான். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இருக்கற லைட்டுல வெளிச்சம் பத்தலைங்கறயே, அதுக்குக் கரெண்டு ஒழுங்காப் போவுதான்னு பார்த்தயா? பார்த்திருக்க மாட்டே. அதைப் பார்க்கக் காசு செலவாவாதே, அப்பறம் எப்படி மனசு வரும்?

இந்த வண்டியோட பூர்வீகம் தெரியுமல்ல? சீமையில மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுன்னு ஓடுனதை எடுத்துத்தான் வங்காளத்துல உத்தரபாராவுல அம்பாசிடர்னு பேர் வெச்சு, 2014 வரைக்கும் செஞ்சு தள்ளுனாங்க. அந்தப் பேரை மட்டும் 2017ல பியூஜோ கம்பெனிக்காரன் 80 கோடி குடுத்து வாங்கிக்கிட்டான். லைட்டு வயரிங்கையும் சேர்த்துத் தர்றோம்னிருந்தா வெலையக் குறைச்சிருப்பான்.

ஏன்னு கேளு. பேட்டரியில கெளம்பற கரெண்டு டேஷ்போர்டு ஸ்விட்சுக்குப் போவோணும். அங்கிருந்து எடது காலுல மிதிக்கற டிம் ஸ்விட்சுக்கு எறங்கோணும், அது பூராவும் உன்ற செருப்பு மண்ணு. மறுக்கா முன்னாடி ஏறி, பல்பைத் தொட்டு, துருப்புடிச்ச எர்த்து வழியாத் திரும்பி வரோணும். மாட்டுச் சந்தையில ஒரு மாடு கைமாறறதுக்குள்ள எத்தனை பேர் தரகு எடுப்பான், அந்தக் கதைதான். மீட்டரை வாங்கி, லைட்டு எரியறப்பவே பல்பு பின்னுல வெச்சுப் பாரு. வண்டி ஓட்டத்துல பேட்டரியில 13.5 வோல்ட்டு இருந்தா, பல்புகிட்ட 11.5 நிக்கும். ரெண்டு வோல்ட்டுத்தானேம்பே. வோல்டேஜு 10 சதவீதம் குறைஞ்சாவே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் படுத்துக்கும் கண்ணு. அந்த ரெண்டு வோல்ட்டுல பாதி வெளிச்சத்துக்குக் கிட்டத்துல வயருக்குள்ளயே சூடாப் போயிருது. மேலைக்கு நீ என்ன பல்பு போட்டாலும் பங்கு மொதல்ல அந்த வயருக்குத்தான்.

அந்தப் பங்கை நிறுத்தோணும்னா ரெண்டு ரிலே வாங்கு. ஒண்ணு பிரைட்டுக்கு, ஒண்ணு டிம்முக்கு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வெச்சு, 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரை நேரா ரிலேயோட 30ஆம் நம்பருக்கு இழு. 87லிருந்து பல்புக்கு. பழைய வயரை அறுத்து வீசிராத; அதை 85, 86ல குடுத்து, ரிலேயத் தட்டியுடற வேலைய மட்டும் பார்க்கச் சொல்லு. எர்த்தை ரெண்டு லைட்டுக்கும் தனித்தனியா, பெயின்ட்டைச் சொரண்டி வெறும் தகரத்துல முறுக்கு. அவ்வளவுதான். என்ன, ரிலேயப் படம் புடிச்சு வாட்ஸ்அப்புல போட்டா ஒருத்தனும் மெச்ச மாட்டான். அந்தக் குறை ஒண்ணு இருக்குது.

அப்பறம் லைட்டு டூமைக் கழட்டி உள்ள எட்டிப் பாரு. ரிஃப்ளெக்டர் கருத்திருந்தா, பம்பருக்குக் குரோம் போடறவன்கிட்டயே குடுத்துப் பளபளன்னு வாங்கி வந்துருவே, உன்னத் தெரியாதா. பார்வைக்கு மொகம் பார்க்கலாம்போல இருக்கும். ஆனா குரோமு விழுந்த வெளிச்சத்துல மூணுல ரெண்டு பங்குத்தான் திருப்பிக் குடுக்கும். வெள்ளிப் பூச்சா இருந்தா பத்துல ஒம்போதுக்கு மேல வரும். இல்லாட்டி புது டூமே வாங்கிப் போடு, 7 இஞ்சு வட்டம், ஜீப்பு, புல்லட்டுன்னு பாதி வண்டிக்கு அதே அளவுதான்.

பல்பு விசயத்துக்கு வர்றேன். பழசு 45/40 வாட்டு. 1971ல வந்த எச்-4 ஹாலஜன் 60/55. அதுவே போதும். உனக்குப் போதாது, 'நூறு தொண்ணூறு' கேப்பே. ரெண்டு பக்கமும் பிரைட்டுல 200 வாட்டு, 16 ஆம்பியருக்கு மேல இழுக்கும். உன்ற வண்டியில இருக்கறது ஆல்டர்னேட்டர் இல்ல, லூகாஸ் சி40 டைனமோ. அது மூச்சைப் புடிச்சுக் குடுத்தாலே 22 ஆம்பியர்தான். ஐடிலிங்குல அதுவுமில்ல. ரயில்வே கேட்டுல பத்து நிமிசம் லைட்டைப் போட்டுட்டு நில்லு, கேட்டுத் தொறக்கறப்ப தள்ளறதுக்கு நாலு ஆளு கையோட கூட்டிட்டுப் போயிரு. இன்னொண்ணு, எச்-4 கண்ணாடிய வெறுங்கையில தொடாத. நீயோ தலைக்கு எண்ணெயா ஊத்தறவன். அந்தப் பிசுக்கு ஒட்டுன எடத்துலயே சூடேறி பல்பு போயிரும்.

சரி, உன்ற எல்.இ.டி. அந்த எச்-4 பல்பைக் கையில எடுத்து (துணிய வெச்சுப் புடிச்சுத்தான்) உத்துப் பாரு. ரெண்டு இழை இருக்கும். டிம் இழைக்கு அடியில மட்டும் ஒரு சின்னத் தகடு. கீழ போற வெளிச்சத்தை அது மறைச்சுக்கும். அதனாலதான் டிம் போட்டா வெளிச்சம் எதுக்கால வர்றவன் கண்ணுக்கு ஏறாம ரோட்டுல விழுவுது. டூமுக்குள்ள இருக்கற வளைவு, கண்ணாடியில இருக்கற வரி, எல்லாம் அந்த இழை நிக்கற எடத்தைக் கணக்குப் பண்ணி வெச்சது. அந்த எடத்துல எல்.இ.டி. பல்பைச் சொருவுனா சில்லு கொஞ்சம் தள்ளித்தான் ஒக்காரும். தள்ளுன அளவுக்கு வெளிச்சம் மரத்து மேலயும் மாடி மேலயும் போவும். ஆந்தைக்கு ஒதவும். எல்.இ.டி.யே வேணும்னா எல்.இ.டி.க்குன்னே செஞ்ச முழு டூமா வாங்கு. கரெண்டும் கம்மியா இழுக்கும், டைனமோ உன்னை வாழ்த்தும். ஆனா அமெரிக்கா சரக்குன்னு ஆசைப்பட்டு வாங்கிராத. அங்க வலது பக்கம் ஓட்டறவன். அவன் லைட்டு ஓரத்தைக் காட்டறேன்னு வலதுல தூக்கி அடிக்கும். நம்மூர்ல அந்தப் பக்கம் வர்றது பொள்ளாச்சி பஸ்ஸு.

கவர்மெண்டும் கணக்கு வெச்சிருக்குது. லைட்டுக்கு 8 மீட்டர் முன்னால, 1.5 மீட்டர் உசரத்துல இருக்கற கண்ணு கூசக்கூடாதுன்னு மோட்டார் வாகன விதி சொல்லுது. அதையெல்லாம் யாரு அளக்கறா? முந்தியெல்லாம் டிராஃபிக் போலீஸு லைட்டு நடுவுல கருப்பு ஸ்டிக்கர் ஒட்டி வுடுவாங்க. ஆயிரக்கணக்குல குடுத்து வாங்குன வெளிச்சத்துக்கு ஒரு ரூவா ஸ்டிக்கர்.

கடைசியா லைட்டைச் செட் பண்றது. நம்ம தோட்டத்துச் சாளைச் செவுத்துக்கு முன்னால 10 மீட்டர் தள்ளி வண்டிய நிறுத்து. லைட்டு நடு மட்டத்துக்குச் செவுத்துல ஒரு கோடு, அதுக்கு 10 சென்டிமீட்டர் கீழ இன்னொரு கோடு. டிம் வெளிச்சத்தோட மேல் விளிம்பு கீழ்க் கோட்டுல நிக்கோணும். காலி வண்டியில செட் பண்ணிட்டுக் கண்ணாலத்துக்கு எட்டுப் பேரை ஏத்திட்டுப் போனா பின்னால பட்டை ஸ்பிரிங் அமுங்கும், மூக்கு மேல தூக்கும், நீ டிம்முன்னு நெனைக்கறது எதுக்கால வர்றவனுக்கு பிரைட்டு. அவன் உன்னை வெய்யறது ஏன்னே உனக்குத் தெரியாது.

அதனால பின் சீட்டுல கனம் வெச்சுத்தான் பார்க்கோணும். ஞாயித்துக்கெழமை பொழுதோட வா. உங்கத்தையும் அவ தங்கச்சியும் ஊட்டுலதான் இருப்பாங்க, அம்பாசிடர்ல கோயிலுக்குன்னு சொல்லி ஏத்தி உக்கார வெச்சிக்கலாம். எதுக்குன்னு மட்டும் வாயத் தொறந்துராத, எனக்கு ராத்திரிச் சோறு வேணும்.