தோசைக்கு எத்தனை மார்க்?

அலோர் காஜா,
மலாக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் பள்ளிக்கூட ஸ்கிராபிள் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டானாமே! "சித்தி வெளிநாட்டில்தானே இருக்கிறாள், அஞ்செழுத்து, ஏழெழுத்து இங்கிலீஷ் வார்த்தைகளை அர்த்தத்தோடு எழுதி அனுப்பட்டும், யூ இல்லாத கியூ வார்த்தைகளும் வேண்டும்" என்று எழுதியிருக்கிறாய். வெளிநாடு என்றால் இங்கிலீஷில்தான் தும்முவார்கள் என்று உனக்கு யார் சொன்னது? இங்கே நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் தமிழில் படிக்கிறார்கள், கடையில் மலாயில் சாமான் வாங்குகிறார்கள், இங்கிலீஷில் கார்ட்டூன் பார்க்கிறார்கள்.

கடைவீதிப் பலகைகளைப் பார்த்தால் உனக்குத் தலை சுற்றும். மலாயில் காதில் விழுவதை அப்படியே எழுதிவிடுவார்கள். டாக்சிக்கு டி-இ-கே-எஸ்-ஐ. டிக்கெட்டுக்கு டி-ஐ-கே-இ-டி. காலேஜுக்கு கே-ஓ-எல்-இ-ஜே. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல். ஸ்கிராபிளில் எழுத்துக்கு ஒரு கட்டை, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மார்க் கணக்கு. காலேஜை இங்கிலீஷில் எழுதினால் ஏழு கட்டைக்கு 10 மார்க். மலாயில் எழுதினால் ஐந்தே கட்டைக்கு 16. ஆனால் இங்கிலீஷ் அகராதி அதைச் சேர்க்காது.

எழுத்துகளுக்கு இந்த மார்க்கை வைத்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய் உட்கார்ந்திருந்தவர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அடிக்கடி வரும் இ-க்கு 12 கட்டை, தலைக்கு 1 மார்க். அபூர்வமான கியூவுக்கு ஒரே கட்டை, 10 மார்க். மனிதர் மலாய்ப் பத்திரிகையை எண்ணியிருந்தால் கே-யின் 5 மார்க் அன்றைக்கே சரிந்திருக்கும்.

எங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஸ்கிராபிள்தான். போன வாரம் கொழுந்தனார் மகள் பி-ஓ-எல்-ஐ-எஸ் என்று வைத்தாள். "இது மலாய், காவல் நிலையத்துப் பலகையில் இருக்கிற எழுத்து, எடு" என்று என் வீட்டுக்காரர் குதித்தார். அகராதியைப் புரட்டினால், இருக்கிறது! பழங்கால கிரேக்க நகர அரசாம், ஏதென்ஸ் மாதிரி. "பெரியப்பா, 7 மார்க் எழுதுங்க" என்றாள் அந்தக் குட்டி. இவர் எழுதினார், முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

அத்தை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இங்கிலீஷ் எழுத்து தெரியாது, கட்டையின் மூலையில் பொடியாய் இருக்கும் எண் மட்டும் தெரியும். 10 போட்டிருந்த கட்டையை எடுத்து, "இது பத்து வெள்ளி, நான் தரமாட்டேன்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். இங்கே ரிங்கிட்டை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். ஒரே கியூவும் முந்தானைக்குள் போய்விட்டதால் அன்றைக்கு யாரும் கியூ வார்த்தை போடவில்லை.

சின்னவனாவது போடட்டும். யூ இல்லாத கியூ, அஞ்செழுத்தில்: எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர், ஃபக்கீர், 17 மார்க். என்-ஐ-கியூ-ஏ-பி, முஸ்லிம் பெண்கள் அணியும் முகத்திரை, 16. டி-ஏ-எல்-ஏ-கியூ, தலாக், 14. மூன்றுக்கும் அர்த்தம் சொல்ல அகராதி வேண்டாம், நம் ஊர் நத்தர்வலி தர்கா பக்கம் ஒரு நடை போய்வந்தால் போதும்.

அடுத்தது அடுப்பங்கரை. டி-ஓ-எஸ்-ஏ-ஐ என்று நம் தோசையும் செல்லும். ஆனால் அகராதி சொல்வதைக் கேட்டால் சிரிப்பாய். ஒன்று என்றால் தோசாவாம், பல என்றால் தோசையாம்! அத்தான் காலையில் சாப்பிடுவது அந்தக் கணக்கில் சரியான இலக்கணம்தான். தோசைக்கு 6 மார்க். கறி, அதாவது சி-யூ-ஆர்-ஆர்-ஒய், 10. மாங்காய் போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து மேங்கோ ஆனது, அதற்கு 8. அந்தப் போர்த்துக்கீசியர்கள் 1511இல் பிடித்த ஊர்தான் எங்கள் மலாக்கா.

ஏழெழுத்துதான் பெரிய வேட்டை. கையிலிருக்கும் ஏழு கட்டையையும் ஒரே மூச்சில் இறக்கினால் 50 மார்க் உபரி. மலாய்க் கிராமமான கம்போங், ஓ போட்டு எழுதினால் 16, உபரியோடு 66. ரிங்கிட் 59. எனக்குப் பிடித்தது சி-எச்-இ-ஆர்-ஓ-ஓ-டி. நம் சுருட்டேதான், 62 மார்க்! ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையிலேயே, கொலைகாரன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சாம்பலைப் பார்த்தே சொல்கிறார். உறையூர்க்காரப் பிள்ளைக்கு இந்த வார்த்தை தெரியாவிட்டால் ஊருக்கே அவமானம்.

அர்த்தம் அர்த்தம் என்று கேட்கிறாயே, அதற்கு அரை மார்க்கூடக் கிடையாது. நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியிருக்கும் நைஜல் ரிச்சர்ட்ஸ் உலக ஸ்கிராபிள் பட்டத்தை ஐந்து தடவை வென்றவர். பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தையும், 2024இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் தட்டிக்கொண்டு போனார். எல்லாம் அகராதி மனப்பாடம். அவர் 2007இல் மும்பையில் முதல் உலகப் பட்டம் வாங்கியபோது, இறுதிச் சுற்றில் எதிரே உட்கார்ந்திருந்தவர் நம்மவர், மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். உலகத்தில் இரண்டாம் இடம் என்பது சும்மாவா?

ஆனாலும் சின்னவன் நைஜல் ரிச்சர்ட்ஸ் இல்லை. அர்த்தம் தெரியாமல் படித்தால் பரீட்சை ஹாலுக்குள் போனதும் மறக்கிற ஜாதி, உன்னை மாதிரி. அதனால் சுருட்டில் தொடங்கி, தோசைக்கு வந்து, அப்புறம் கிரேக்கம் போகட்டும். போட்டிக்கு எந்த அகராதி என்று வாத்தியாரிடம் முதலில் கேட்கச் சொல். அமெரிக்கப் பட்டியல் வேறு, காலின்ஸ் பட்டியல் வேறு.

அத்தானை விசாரித்ததாகச் சொல். யாராவது இந்தப் பக்கம் வந்தால் வெங்காய வடகம் ஒரு கிலோ கொடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் தங்கை