வீட்டில் பீர் காய்ச்சும் தொடக்கநிலையாளரின் கைத்துறுதுறுப்பு: ஓர் ஆய்வு

முழுத்தானிய முறையில் பீர் காய்ச்சக் கற்பவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று விரித்துரைக்கும் கையேடுகள் மேலை நாடுகளில் ஏராளமாக உள்ளன. அவர் செய்யாமல் விட வேண்டியவை எவை, அவற்றைச் செய்யாமல் விடுவதற்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்னும் ஆராய்ச்சிக்கு மட்டும் உரிய இடம் இன்னும் கிடைத்தபாடில்லை. தானியம் கோப்பையை அடைய ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகின்றன என்பதையும், அவற்றுள் மனிதக் கைகளுக்கு மெய்யான வேலை இருப்பது ஒரு நாள் பகலிலும் பின்னொரு நாள் மாலையிலும் மட்டுமே என்பதையும் சேர்த்து எண்ணினால், இக்கலையில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் சும்மா இருப்பதில் பெறும் தேர்ச்சியே என்பது விளங்கும். சும்மா இருப்பதன் அருமையைத் தாயுமானவர் பாடியிருக்கிறார். ஆயினும் அவர் கையில் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்ததில்லை ஆதலால், அவ்வருமையின் முழு அளவும் அவருக்குப் புலப்பட்டிருக்கும் என்று துணிவதற்கில்லை. வேலை இல்லாத வேளையில் வேலையைத் தேடிச் சென்று கெடுக்கும் இயல்பை இக்கட்டுரை கைத்துறுதுறுப்பு எனக் குறிக்கும்.

மேலே செல்லுமுன் சில சொற்களுக்குப் பொருள் கூறுவது முறை. மால்ட் என்பது வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து, முளை கிளம்பிய நிலையில் சூடேற்றி உலர்த்தி, வளர்ச்சியை அவ்வளவில் நிறுத்திய தானியம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்ற வல்ல நொதிகள் உலர்ந்த பின்னும் அதனுள் உறங்கிக் கிடக்கின்றன. அந்நொதிகளை எழுப்பி வேலை வாங்குவதை ஆலையிலேயே முடித்து, கிடைத்த இனிப்பு நீரைப் பாகாகச் சுண்டவைத்து டின்னில் அடைத்து விற்பதும் உண்டு. அப்பாகை வெந்நீரில் கரைத்துத் தொடங்குவோருக்கு இரண்டு மூன்று மணி நேரம் மிச்சமாகும். பாகை விலக்கி, உடைத்த மால்ட்டிலிருந்து தாமே இனிப்பு நீரைப் பிரித்தெடுப்பதுதான் முழுத்தானிய முறை. பிரித்தெடுத்த நீரின் பெயர் வோர்ட்.

இக்கலை வீடுகளில் பரவிய வரலாற்றைச் சுருக்கமாகக் கூறினால் போதும். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் நீங்கியபோதும், வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டத்துக்குப் புறம்பாகவே நீடித்தது. 1978 அக்டோபர் 14இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரியவர் இருவர் உள்ள ஒரு வீட்டில் ஆண்டுக்கு 200 காலன், அதாவது ஏறத்தாழ 757 லிட்டர், வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம் என்றாயிற்று. அலபாமா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்கள் இதற்கு உடன்பட 2013 வரை பிடித்தது. அணுப் பொறியியல் பயின்று சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த சார்லி பாப்பாசியன், கொலராடோவின் போல்டர் நகரில் வீட்டுக் காய்ச்சுநர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கியதும் அந்த 1978இல்தான். 1984இல் வெளிவந்த அவருடைய நூல், பதற்றம் எழும்போதெல்லாம் கவலையை விட்டு, வீட்டில் காய்ச்சிய பீர் ஒன்றை எடுத்துக் குடிக்குமாறு அறிவுறுத்துகிறது. கைத்துறுதுறுப்புக்குக் கூறப்பட்ட மருந்துகளுள் இதுவே தலையாயது. எனினும் முதன்முறை காய்ச்சுபவர் வீட்டில் அம்மருந்து இருப்பதில்லை என்னும் இடர்ப்பாட்டை நூலாசிரியர் கருதியதாகத் தெரியவில்லை.

இனி நோயின் முதல் வெளிப்பாட்டைக் காண்போம். அமெரிக்க வழக்கில் ஒரு முறைக்குக் காய்ச்சும் அளவு 5 காலன், அதாவது 19 லிட்டர். இதற்கு ஏறத்தாழ 5 கிலோ மால்ட்டை உடைத்து, சுற்றுலாவுக்கு எடுத்துச் செல்லும் ஐஸ் பெட்டியில் கொட்டி, 73 அல்லது 74 டிகிரி செல்சியஸ் சூடுள்ள 15 லிட்டர் நீரை ஊற்றிக் கலக்கினால், கலவையின் வெப்பம் 67 டிகிரி அளவில் வந்து நிற்கும். குளிர்ச்சியைக் காப்பதற்கென்று வாங்கிய பெட்டி வெப்பத்தையும் அதே நேர்மையுடன் காக்கிறது. இந்நிலையில் இருவகை நொதிகள் வேலை செய்கின்றன. பீட்டா அமிலேஸ் 60 முதல் 65 டிகிரி வரையிலான சூட்டில் ஊக்கத்துடன் இயங்கி, ஈஸ்ட் எளிதில் உண்ணும் சர்க்கரையைத் தருகிறது. ஆல்ஃபா அமிலேஸ் 70 டிகிரியை ஒட்டிய சூட்டை விரும்பி, ஈஸ்ட்டால் உண்ண முடியாத பெரிய மூலக்கூறுகளையும் விட்டுவைக்கிறது. சூடு குறைந்தால் பீர் மெலிந்து வறண்டிருக்கும், கூடினால் கனத்து இனித்திருக்கும் என்பதால், இரண்டுக்கும் நடுவே 66, 67 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்துவது வழக்கம்.

அந்த ஒரு மணி நேரத்தில் காய்ச்சுபவர் செய்ய வேண்டியது யாதெனில், ஒன்றுமில்லை. அவரோ ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து வெப்பமானியை நுழைக்கிறார். திறந்ததால் சூடு இறங்குகிறது. இறங்கியதைக் கண்டு வெந்நீர் ஊற்றுகிறார். ஊற்றியது மிகுந்து சூடு ஏறுகிறது. ஏறியதைக் கண்டு மூடியைத் திறந்து வைக்கிறார். தோய்த்த பாலை நாழிகைக்கு ஒருமுறை விரல்விட்டுப் பார்க்கும் வீட்டில் தயிர் உறைவதில்லை என்பதை அறிந்த சமூகங்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. தொடக்கநிலையாளர் திறப்போர், கிளறுவோர், அளப்போர் என மூவகைப்படுவர் என்பது இக்கட்டுரையின் துணிபு. மூவரும் ஒருவரே எனவும், ஒரே பிற்பகலின் வெவ்வேறு மணிகளில் வெவ்வேறாகத் தோன்றுகின்றனர் எனவும் கூறுவாரும் உளர், அக்கூற்றும் ஏற்கத்தக்கதே.

ஊறல் முடிந்ததும் பெட்டியின் அடிக்குழாய் வழியே வோர்ட் வடிகிறது. தானியத்தின் உமியே இங்கு வடிகட்டியாகப் படிந்து நிற்பதால், மெதுவாகத் திறந்தால் தெளிந்த நீர் வரும்; அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் உமிப்படுகை இறுகி அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் வராது. பின்னர் தானியத்தில் தங்கிய சர்க்கரையைக் கழுவி எடுக்க வெந்நீர் தெளிப்பார்கள். ஆஸ்திரேலியர்கள் இத்தொல்லை முழுவதையும் தவிர்க்க, தானியத்தைப் பெரிய துணிப்பையில் கட்டி நீரில் இறக்கி, முடிந்ததும் பையோடு தூக்கிவிடும் வழியைப் பரப்பினர். நனைந்த பையின் கனம் துறுதுறுப்பைச் சிறிது நேரம் தணிக்கிறது என்பது இம்முறையின் கூடுதல் சிறப்பு.

சும்மா இருத்தலே இக்கலையின் சாரம் என்றால், கொதிக்கவைக்கும் கட்டத்துக்கு விடை என்ன என்று வினவுவார்க்கு இங்கு மறுமொழி கூற வேண்டும். வடித்த வோர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூங்கதிர்களை அதில் இடுவது அடுத்த வேலை. ஹாப்ஸில் உள்ள அமிலங்கள் நெடுநேரக் கொதியில்தான் கசப்பாக மாறும். மணமோ அதே கொதியில் ஆவியாகிவிடும். ஆதலால் கசப்புக்கு முதலிலும் மணத்துக்குக் கடைசியிலும் இடுவர். வோர்ட் முதன்முதலாகக் கொதிக்கத் தொடங்கும் சில நிமிடங்களில் அதிலுள்ள புரதங்கள் நுரையாகத் திரண்டு பொங்கும். முழு நாளிலும் ஒருவர் கண்ணிமைக்காமல் அருகில் நிற்க வேண்டிய நேரம் இது ஒன்றுதான். காலை முதல் தேவையின்றி மூடி திறந்து களைத்த தொடக்கநிலையாளர் சற்று இளைப்பாறக் கூடத்துக்குச் செல்வதும் இந்நேரத்தில்தான். அடுப்பில் வழிந்து கருகிய வோர்ட்டைச் சுரண்டி எடுக்க ஆகும் நேரத்தை நோக்க, மேற்கண்ட வினா கொள்கைக்கு ஊறு செய்யாமல் அதற்கு அரணாகவே அமைகிறது என்க.

கொதித்த வோர்ட்டைச் செப்புச் சுருள் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு 20 டிகிரிக்குக் குளிர்வித்து, கிருமி நீக்கிய கலத்தில் மாற்றி, 11 கிராம் ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைத் தூவி மூடிவிட வேண்டும். மூடியில் பொருத்திய நீரடைப்பு உள்ளே உண்டாகும் கரியமில வாயுவைக் குமிழிகளாக வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாது தடுக்கும். கைத்துறுதுறுப்பின் உச்சநிலை இக்கருவியைச் சுற்றியே நிகழ்கிறது. ஈஸ்ட் பெருகிக் குமிழி எழ அரை நாளோ ஒரு நாளோ, சில வேளைகளில் அதற்கு மேலுமோ ஆகும். குமிழி வராவிட்டால் ஈஸ்ட் இறந்தது என்றும், வேகமாக வந்தால் ஏதோ கெட்டது என்றும், நின்றால் எல்லாம் முடிந்தது என்றும் கொள்வது தொடக்கநிலையாளர் மரபு. மூடி சரியாகப் பொருந்தாவிடில் வாயு வேறு வழியே போய்விடும் என்பதால், குமிழி எதற்கும் சான்றாகாது. சான்று தருவது ஹைட்ரோமீட்டர் ஒன்றே. நீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், சர்க்கரை நிறைந்த வோர்ட் 1.050 அளவில் தொடங்கி, சர்க்கரையை ஈஸ்ட் உண்ண உண்ண இறங்கி 1.010 அளவில் நிற்கும். இந்த இறக்கத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் சதவீதம், அதாவது 5.25, கிடைக்கும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு அளவுகள் ஒத்திருந்தால் நொதித்தல் முடிந்தது. நாள்தோறும் அளப்பவரோ ஒவ்வோர் அளவைக்கும் ஒரு குவளை பீரை இழப்பதோடு, திறக்குந்தோறும் ஆக்சிஜனை உள்ளே விட்டு, நனைந்த அட்டைப்பெட்டியின் சுவையை அதில் ஏற்றுகிறார்.

இந்தக் காத்திருப்பை வேறு வகையில் செலவிட்டோரும் உண்டு. சால்ஃபோர்டில் மதுவாலை நடத்திய குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல், வெப்பத்துக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை அளந்தார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தார். அதே ஆய்வகத்தில் சோரன்சன் 1909இல் பிஎச் அளவுகோலை வகுத்தார். டப்ளினில் கின்னஸ் ஆலையில் பணிபுரிந்த வில்லியம் கோசெட், சிறு மாதிரிகளைக் கொண்டு முடிவு காணும் புள்ளியியல் முறையை 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். இந்நால்வரும் மூடியைத் திறந்து பாராத இயல்பினர் என்று கருத இடமுண்டு. வீட்டுக் காய்ச்சுநருள் அத்தகைய கண்டுபிடிப்பு எதுவும் நிகழாமைக்கு இதனினும் எளிய காரணம் காட்டுதல் அரிது.

நொதித்தல் முடிந்தபின், 19 லிட்டருக்கு ஏறத்தாழ 120 கிராம் சர்க்கரை கரைத்துச் சேர்த்துப் புட்டிகளில் அடைத்தால், எஞ்சிய ஈஸ்ட் அதனை உண்டு வாயுவை உண்டாக்கும். முடியுமுன் அவசரப்பட்டு அடைப்போரின் புட்டிகள் அலமாரியில் இருந்தபடியே வெடிக்கும். இது நகைப்புக்குரியதன்று, கண்ணாடிச் சில்லால் காயம் படும். அடைத்த புட்டி சரியான நிலைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பது தெரிந்தும், தொடக்கநிலையாளர் மூன்றாம் நாள் ஒன்றைத் திறந்து, வாயு போதவில்லை என்று வருந்தி, ஐந்தாம் நாள் மற்றொன்றைத் திறக்கிறார். 355 மில்லி புட்டிகளாக அடைத்தால் ஐம்பதுக்குச் சற்று மேல் தேறும். அவற்றுள் நன்கு முதிர்ந்து வாய்த்தது கடைசியாகத் திறந்த புட்டியே என்று காய்ச்சுவோர் பலரும் சொல்லக் கேட்கலாம். அதற்குள் அது தீர்ந்துவிட்டிருக்கும்.

தமிழ்நாட்டு வாசகர்க்கு ஒரு சொல்: 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் அங்கு இன்றும் நடைமுறையில் உள்ளது, உரிமமின்றி மது தயாரிப்பது, வீட்டுத் தேவைக்கேயாயினும், தண்டனைக்குரியது. ஆகவே மேற்கூறிய செய்முறையுள் அவர்கள் கைக்கொள்ளத்தக்கது, ஒன்றும் செய்யாதிருக்குமாறு கூறும் பகுதி மட்டுமே.